வலப்பக்கம் வளைய மறுக்கும் மட்டக்குதிரை

அன்பு மகளுக்கு,

பேத்தியின் மட்டக்குதிரை வகுப்பில் இடப்பக்கம் சுற்றும்போது ஒழுங்காக நடப்பதாகவும், வலப்பக்கம் திருப்பினால் மரக்கட்டை போல விறைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தாய். வலது கடிவாள வாரை இழுத்து இழுத்துக் குழந்தைக்குக் கை வலிக்கிறது என்பதையும், யாரோ தலையை மடக்கிக் கட்டும் வார் ஒன்றை வாங்கச் சொன்னார்கள் என்பதையும் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை வாங்காதே.

லாயத்தில் குதிரை தேய்த்த சைஸ் (குதிரைக்காரன்) ஒருவன் இங்கிலாந்துப் பயிற்சியாளருக்குப் பாடம் சொல்வதா என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். இங்கே பினாங்கில் டர்ஃப் கிளப் என்ற குதிரைப்பந்தய கிளப் 1864-இல் தொடங்கியது. பத்து காந்தோங்கில் இருந்த அதன் பந்தயத் திடலில் அந்தக் குதிரைகளின் மேல் ஏறிப் பேர் வாங்கியவர்கள் வேறு; விடியற்காலையில் முதுகைத் தடவி, எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று விரலால் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்.

நம்மில் வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருப்பதுபோலவே குதிரையும் பிறக்கும்போதே ஒரு பக்கம் சாய்வோடுதான் பிறக்கிறது. உங்கள் குதிரைக்கு வலப்பக்கம் இறுக்கம் என்கிறார்கள். நன்றாக யோசித்துப் பார். வலப்பக்கம் வளைய வேண்டுமென்றால் இடப்பக்கத் தசை நீள வேண்டும். நீள மறுப்பது அதுதான். நோய் இடப்பக்கத்தில் இருக்கும்போது வலது வாரை இழுத்து என்ன பயன்? கழுத்து மட்டும் மடங்கும். தோள் தன் போக்கில் சரியும். பின்னங்கால் வேறெங்கோ போகும். பார்ப்பவர்களுக்கு வளைந்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

வளைவு பின்னாலிருந்து வர வேண்டும். பேத்தியின் வலது கால், சேணத்தை இறுக்கிக் கட்டும் வயிற்றுவாருக்கு அருகில் மெல்ல அழுத்தட்டும். குதிரையின் வலது பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் நன்றாக எட்டி வைக்கும். இடது கால் சற்றுப் பின்னால் இருந்து, பின்பகுதி வெளியே வழுக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். இடது வாரை நிதானமாகப் பிடித்திருக்க வேண்டும். வலது வாரோ, குதிரையின் உள்பக்கக் கண்ணோரம் மட்டும் தெரிகிற அளவுக்குக் கேட்டுவிட்டு உடனே தளர வேண்டும். கேட்பது, தளர்வது, மறுபடி கேட்பது. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரையும் எதிர்த்து இழுக்கும். அந்தப் போட்டியில் குழந்தை ஜெயிக்கப் போவதில்லை.

20 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் தொடங்குங்கள். 10 மீட்டர் வட்டம் இப்போது வேண்டாம், அதன் உடம்பு அதற்குத் தயாராகவில்லை. நடையில் வட்டத்தைக் கொஞ்சம் சுருக்கி, உள்பக்கக் காலால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே மீண்டும் பெரிய வட்டத்துக்கு வருவது நல்ல பயிற்சி. பாம்பு ஊர்வதுபோல மைதானத்தின் நீளத்துக்கு மூன்று வளைவுகள் போடுவதும் அப்படியே, பக்கம் மாறி மாறி வருவதால் எந்தத் தசையும் சலித்துப்போகாது. சுலபமான பக்கத்தில் தொடங்கி, கடினமான பக்கத்தில் சிறிது நேரம் மட்டும் வேலை வாங்கி, மறுபடி சுலபமான பக்கத்துக்கே வந்துவிடுங்கள். இடையிடையே வாரை நீளமாக விட்டால் மூக்கைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டும். மூக்கால் நீளமாகப் புர்ரென்று ஊதி, வால் இரண்டு பக்கமும் சமமாக ஆடினால், முதுகு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்.

இந்த ஊர் வெயிலில் எங்களுக்கு வேறு கவலை இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த குதிரைகளில் சில, புழுக்கத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். ‘டிரை கோட்’ என்போம். தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் காப்பாற்றினோம். உங்கள் குளிரில் நிலைமை நேர்மாறு. தசை சூடாக நேரம் பிடிக்கும். ஆகவே முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தளர்ந்த வாரில் நடக்கட்டும், டிராட் என்கிற துள்ளோட்டம் எல்லாம் அதற்குப் பிறகு. டிரெய்லரில் வந்த நாளில் இது இன்னும் முக்கியம். வழியெல்லாம் நான்கு காலையும் ஊன்றிச் சமாளித்துக்கொண்டு வந்த குதிரைக்கு இறங்கிய கையோடு சேணம் பூட்டி வட்டம் போடச் சொல்வது கொடுமை. இரண்டு குதிரை நிற்கும் டிரெய்லரில் தனியாக ஏற்றினால் ஓட்டுநர் பக்கம் நிறுத்துகிறீர்கள்தானே? சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் ஓட்டுநர் பக்கம் பாரம் இருந்தால்தான் வண்டி நேராக நிற்கும்.

இனி பேத்தியைப் பற்றி. கோணல் குதிரையிடம் மட்டும் இருக்கிறதா என்று பார். எல்லோரும் இடப்பக்கத்திலிருந்தே ஏறுவதால் கால் வைத்து ஏறும் இடது அங்கவடியின் தோல்வார் நாளடைவில் நீண்டுவிடும். இரண்டையும் கழற்றித் துளை துளையாகச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவ்வப்போது இடம் மாற்றிப் போடு. ஏறுவதற்கு மேடை வைத்துக்கொள். ஒரு பக்கம் இடுப்பு மடங்கி உட்காரும் குழந்தையின் பாரத்தைச் சரிக்கட்டவே குதிரை தன் முதுகை இறுக்கிக்கொள்ளும். வகுப்பு முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது கேரட்டைக் காட்டி, காலை நகர்த்தாமல் விலா வரை தலையைத் திருப்ப வை, இரண்டு பக்கமும். பேத்திக்கு அது பிடிக்கும். ஆனால் கேரட்டை வெடுக்கென்று இழுத்து ஏமாற்றக் கூடாது என்று சொல்லி வை.

இவ்வளவும் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குதிரையின் கடைவாய்ப் பல்லைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? மேல்வாய்ப் பல்லின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் திருப்பும்போதெல்லாம் தலையை உதறும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது அரம் வைத்துத் தேய்க்க வேண்டும். இந்த வாரமே கால்நடை மருத்துவரைக் கூப்பிடு, சேணம் முதுகில் சரியாக உட்காருகிறதா என்பதையும் அப்படியே பார்க்கச் சொல். அவர் என்ன சொன்னார் என்று எழுது. அதுவரை வலப்பக்கம் நடை மட்டும் போதும்.

அன்புடன்,
அப்பா