பழைய கட்டர் படகு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாய்மரப் படகுகளை வாங்கிப் பெருங்கடல் பயணம் புறப்படுவோரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கலிபோர்னியாவில் படகுகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில், இப்பொருள் தமிழில் எழுதப்படுவதே எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆயினும், விற்பனை விளம்பரத்தில் இருந்த கருவிப் பட்டியலை மட்டும் வைத்து ஒரு கட்டர் படகு உடனே கடல் கடக்கத் தகுதியானது என்று கட்டுரையாளர் முடிவு செய்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சூரிய மின்தகடு, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், ராடார், செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவற்றைப் பணம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளும், அவை படகின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும் இடங்களும் எந்த நிலையில் உள்ளன என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. நடுக்கடலில் உயிர் நிற்பதோ அவற்றை நம்பித்தான்.

கட்டர் என்பது ஒற்றைப் பாய்மரமும் அதற்கு முன்னால் இரண்டு பாய்களும் கொண்ட படகு. காற்று வலுக்கும்போது வெளிப்புறப் பாயை இறக்கிவிட்டு, உட்புறத்துச் சிறு பாயையும் சுருக்கிய பெரும்பாயையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டலாம். அப்போது காற்றின் விசை பாய்மரத்தை ஒட்டியே விழுவதால் படகு தன் சமநிலையை இழப்பதில்லை. இரண்டே பேர் மாறிமாறிக் காவல் இருந்து ஓட்டும் படகில் இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இவ்வகையில் பெயர்பெற்ற வெஸ்ட்செயில் 32 படகையே எடுத்துக்கொள்வோம். நார்வேயின் கொந்தளிப்பான கடலில் மீனவர்களைக் காக்கவென்று படகு வடிவமைப்பாளர் காலின் ஆர்ச்சர் 1890களில் உருவாக்கிய மீட்புப் படகுகள்தான் இதன் மூலம். அவற்றைத் தழுவி அமெரிக்கரான வில்லியம் அட்கின் வரைந்த வடிவத்தை, ஃபைபர்கிளாஸில் வார்ப்பதற்காக வில்லியம் கிரீலாக் திருத்தி அமைத்தார். 1970களில் 800க்கும் மேற்பட்ட படகுகள் வார்க்கப்பட்டன. 32 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 9 டன் எடை, அதில் படகு கவிழாமல் காக்க அடியில் வைக்கும் அடிப்பாரம் மட்டுமே 3 டன்னுக்கு மேல். அட்கினின் அதே வரைபடத்தை ஒட்டித்தான் பம்பாயில் தேக்கு மரத்தில் சுஹைலி என்ற படகு கட்டப்பட்டது. அது இரட்டைப் பாய்மரப் படகு என்றாலும், உடலமைப்பு இந்த வழியைச் சேர்ந்ததே. பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகம் திரும்பினார்.

இந்தப் படகுகளின் உறுதியை நான் குறைத்துப் பேசவில்லை. 1991 அக்டோபரில் அட்லாண்டிக்கில் வீசிய பெரும்புயலில் சடோரி என்ற வெஸ்ட்செயில் 32 படகில் இருந்த மூவரையும் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் மூலம் மீட்டது; ஆளில்லாமல் மிதந்து சென்ற படகு மேரிலாந்தின் அசடீக் தீவுக் கரையில் பெரிய சேதமின்றி ஒதுங்கியது. ஆனால் அந்த நம்பிக்கையை ஐம்பது ஆண்டுகள் உப்புக்காற்றில் நின்ற ஒவ்வொரு படகுக்கும் நாமாகவே வழங்கிவிடக் கூடாது.

வெஸ்ட்செயிலில் முன்கம்பி படகின் முன்முனையான அணியத்திலிருந்து நீளும் மரத்தண்டிலும், பின்கம்பி படகின் பின்புறம் நீட்டிய மரச்சட்டத்திலும் கட்டப்பட்டிருக்கும். போல்ட் துளைகளின் வழியே மழைநீர் இறங்கி அந்த மரம் உள்ளுக்குள் உளுத்திருந்தால், மேலே பூசிய வார்னிஷ் பளபளப்பு அதைக் காட்டாது. பின்சட்டம் முறிந்தால் பாய்மரம் முன்னோக்கிச் சாயும். பக்கக் கம்பிகளைத் தாங்கும் துருப்பிடிக்கா எஃகுப் பட்டைகள் படகின் வெளிப்புறத்தில் இருப்பதால் அவற்றைப் பார்த்துவிட்டோம் என்று பலர் எண்ணுகிறார்கள். காற்றுப் படாத ஈர இடுக்கில்தான் அந்த எஃகு அரிக்கப்படும். ஆகவே போல்ட்டுகளில் சிலவற்றையாவது கழற்றி, அவற்றின் தண்டையும் பட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தே தீர வேண்டும். கம்பிகளின் வயது 10, 15 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால், புதிதாக மாற்றும் செலவை விலைபேசும்போதே கணக்கில் சேர்ப்பது நல்லது. மேல்தளத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும், ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு இடையே உள்ள நடுப்பலகை நீரில் ஊறிய இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும்.

இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். வெஸ்ட்செயில்களில் கணிசமானவை வெறும் கூடாகவோ அரைகுறையாகவோ விற்கப்பட்டு, வாங்கியவர்களாலேயே வீட்டு முற்றத்தில் முடிக்கப்பட்டவை. ஒரே வார்ப்பில் பிறந்த இரண்டு படகுகளில் ஒன்றின் மின்கம்பி, எரிபொருள் தொட்டி, படகின் உடலில் நீர் வந்துபோகும் துளைகளை மூடித் திறக்கும் அடித்துளை வால்வுகள் யாவும் தேர்ந்த கைவேலையாகவும் மற்றொன்றில் ஆபத்தானவையாகவும் இருப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். படகின் பெயரையும் ஆண்டையும் பார்த்து விலை கொடுப்பவர் இந்த வேறுபாட்டை அறியாமலேயே தம் சேமிப்பைக் கொடுத்துவிடுகிறார்.

வாங்க விரும்புவோர், விற்பவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத ஒரு மதிப்பீட்டாளரைத் தாமே அமர்த்தி, படகை நீரிலிருந்து தூக்கி நிறுத்திச் சோதிக்க வேண்டும். பாய்மரத்தின் உச்சி வரை ஒருவரை ஏற்றிப் பார்க்க வேண்டும். நல்ல காற்றுள்ள நாளில் எல்லாப் பாய்களையும் விரித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இவற்றுக்கு மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து, கருவிப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், விலகிக்கொள்வதே சரி. இத்தொடரின் அடுத்த பகுதி வெளிவருமானால் இந்தச் சோதனைகளையும் விரிவாகச் சேர்த்து எழுதுமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சான் டியேகோ, கலிபோர்னியா