மேரி சம்னர் கொடுத்த அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்து திருச்சபை நினைவுகூரும் மேரி சம்னரை, 'தாய்மார் சங்கத்தைத் தொடங்கியவர்' என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். அவர் மூன்று பிள்ளைகளின் தாய். 1876இல் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, பிள்ளை வளர்க்கத் தாம் திணறியது நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் ஓல்டு ஆல்ரெஸ்ஃபோர்டு ஊரில், குருவான தம் கணவரோடு வாழ்ந்த குருமனைக்கு ஊர்த் தாய்மாரை அழைத்தார். ஏழை, பணக்காரர் எல்லோரும் ஒரே அறையில். பேச வேண்டிய நேரத்தில் நா எழவில்லை! அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பிவிட்டார். வந்தார்கள். பிள்ளைகளை உடலும் ஆன்மாவுமாகக் கிறிஸ்துவின் பணிக்கு வளர்க்க வேண்டும் என்று அச்சிட்ட அட்டைகளைக் கொடுத்தார். தாய்மார் சங்கம் இப்படித்தான் தொடங்கியது.

1885இல் போர்ட்ஸ்மவுத் திருச்சபை மாநாட்டில், பெண்களிடம் பேச வேண்டிய ஆயர் தம் நேரத்தை இவருக்கு விட்டுக்கொடுத்தார். சங்கம் வெளியூர்களுக்குப் பரவியது அதன் பிறகுதான். 1909இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபோது வயது 80.

வாசகியர் சிலர், பாளையங்கோட்டை