மெசின் வருவதற்கு முன் ஒரு கணக்கு

கிழக்கு மாகாண சுகாதார அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. எங்கள் ஆஸ்பத்திரிகளின் செலவைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க வேண்டிய கதிரைகள் அன்றே காலியாகின. அதனால்தான் இந்த மடலைப் பகிரங்கமாக எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். பெரிய கருவியோ புதிய சேவையோ தொடங்கும் முன், அதன் முழுச் செலவையும் அதனால் நோயாளிக்குக் கிடைக்கும் பலனையும் கணக்குப் பார்த்து வெளியிடுங்கள். சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு என்று இதைச் சொல்கிறார்கள். நாடுகள் இதைச் செய்யவேண்டும் என்று உலக சுகாதார சபை 2014இலேயே தீர்மானம் நிறைவேற்றியது.

ஒரு ஸ்கேன் மெசினை எடுத்துக்கொள்வோம். வாங்கும் விலைதான் எல்லோர் வாயிலும் அடிபடும். குளிரூட்டிய அறை, மின்கட்டணம், வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம், டொலர் கொடுத்து இறக்கும் உதிரிப்பாகங்கள், இயக்குவதற்கு ரேடியோகிராபர், படத்தைப் பார்த்து அறிக்கை எழுத நிபுணர் என்று பின்னால் வரும் செலவை யாரும் பேசுவதில்லை. மெசின் நன்கொடையாக வரலாம், இவை வராது. வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகளின் பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாடா வெட்டிப் படம் எடுக்கும் நாளுக்கு முன்பே, அடுத்த ஐந்து வருடத்துக்கு இதை யார் ஓட்டப்போகிறார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டாமா?

அப்புறம் நோயாளியின் செலவு. புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ திருகோணமலை நகரத்துக்கு கிளினிக் வருபவருக்கு பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் போக, அன்றைய கூலியும் இல்லை. கடலுக்குப் போகிறவர் என்றால் ஒரு நாள் தொழில் போச்சு. இவ்வளவும் பட்டு வந்தவரிடம், மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தால், ஆஸ்பத்திரியின் ஏட்டில் அது மிச்சம். அவருக்கோ அது கடன். அந்தக் கடன் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நகரத்தில் இன்னொரு மெசினா, அல்லது அதே காசில் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் சீனி வருத்தக்காரருக்கும் பிரஷர்காரருக்கும் ஒழுங்கான பரிசோதனையா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விடை மெசின் என்றே வரலாம். வரட்டும், காரணம் தெரிந்தால் போதும்.

உயிரைக் காசு கொண்டு அளப்பதா என்று சிலர் கோபப்படுவார்கள். தாய்லாந்தைப் பாருங்கள். இந்த வேலைக்கென்றே 2007இல் அங்கே ஒரு நிறுவனத்தை அமைத்தார்கள். சிறுநீரகம் செயலிழந்தோருக்கான இரத்தச் சுத்திகரிப்பைக் கணக்குப் பார்த்தபோது, கிடைக்கும் பலனுக்குச் செலவு மிக அதிகம் என்றே வந்தது. ஆனாலும் அரசு கைவிடவில்லை. அந்தச் செலவு குடும்பங்களை நடுத்தெருவில் விடுகிறது என்பதால் 2008இல் இலவசத் திட்டத்தில் சேர்த்தது. வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்யும் முறையையே முதலில் கொடுத்தது, ஏனென்றால் தூரக் கிராமத்தவர் வாரத்தில் பல நாள் நகரத்துக்கு அலைய முடியாது. 2022இல் அந்த விதியைத் தளர்த்தி, முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நோயாளியிடமே கொடுத்தார்கள். நமது மாவட்டத்தின் பதவி சிறிபுரவில் சிறுநீரக நோய் எவ்வளவு பாடுபடுத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்குள்ளவர்களுக்கு எது பொருந்தும் என்று இப்படி யாராவது உட்கார்ந்து பார்த்து எழுதினால் நானே முதல் ஆளாக வாசிப்பேன்.

இது நமக்குப் புதிய யோசனையும் அல்ல. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழி இதற்குக் கிட்டத்தான் இருக்கிறது: தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்து, வணிகப் பெயரை விட்டுவிட்டு, உலகச் சந்தையில் விலை கேட்டு மொத்தமாக வாங்குவது.

மருந்து பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் வருகிறது, உங்கள் கையில் எல்லாம் இல்லை என்பது தெரியும். சரி, உங்கள் கையில் உள்ளதில் தொடங்குங்கள்: மாகாண நிதியில் வாங்கும் கருவிகள், ஏற்றுக்கொள்ளும் நன்கொடைகள், உள்ளூர்க் கொள்வனவு. கணக்குப் பார்க்க கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பிப்பவர்களும் பொருளியல் படிப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். கருவி விற்கும் கம்பனியோடு தொடர்புள்ளவர் யாரும் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. அடுத்து வாங்கப்போகும் பெரிய கருவி ஒன்றுக்காவது இதைச் செய்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, எங்கள் ஆஸ்பத்திரிகளின் அறிவித்தல் பலகைகளில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை வாசி ஒருவர்