மணி உறுமினால் அதட்டாதே

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நேற்று போனில் "லாப்ரடார் குட்டி ஒண்ணு வருதுப்பா, மணிக்குத் துணையா இருக்கும்" என்று சொன்னாய். போனில் விளக்கமாகச் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு, முக்கியமாக அவர் படிக்க வேண்டும்.

முதலில் அந்தத் துணை என்கிற பேச்சை விடு. மணி பதினோரு வயது நாய், துணை வேண்டும் என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. குட்டி வேண்டும் என்று ஆசைப்படுவது நீங்கள் இரண்டு பேரும்தான், அதில் ஒரு தப்பும் இல்லை, ஆசைப்பட்டே வாங்குங்கள். மணிக்காக வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டால்தான் பிரச்சினை. அவன் குட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்வான், உனக்கு முதலில் வருத்தம் வரும், அப்புறம் கோபம் வரும், "உனக்காகத்தானேடா வாங்கினோம்" என்று அவனிடமே கேட்பாய்.

குட்டிக்கு நாற்பது நாள்தான் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றாய். வேண்டாம், எட்டு வாரம் முடியட்டும். குட்டிகள் தீனி தின்ன ஆரம்பித்துவிட்டால் வைத்திருப்பவர்களுக்குச் செலவு, அதனால் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். ஆனால் இந்தக் கடைசி வாரங்களில்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்கிறது. கூடப்பிறந்ததின் காதை வலிக்கக் கடித்தால் அது வீல் என்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். மடியைப் பல்லால் இழுத்தால் தாய் உறுமிவிட்டு எழுந்துகொள்ளும். இதையெல்லாம் படிக்காமல் வரும் குட்டிக்கு அந்தப் பாடத்தை மணிதான் எடுக்க வேண்டிவரும், அவனுடைய இடுப்பு வலியோடு. மாப்பிள்ளை ரெண்டாக எடுத்தால் அதுகளே விளையாடிக்கொள்ளும் என்கிறாராமே? அதற்கு ஒரே பதில், கூடாது. இரண்டும் சேர்ந்து மணியைப் படுக்கவிடாது, உங்கள் பேச்சையும் கேட்காது.

கடுவனா பொட்டையா என்று கேட்டிருந்தாய். மணி கடுவன் என்பதால் பொட்டைக் குட்டியோடு ஒத்துப்போக வாய்ப்புக் கொஞ்சம் அதிகம். ஆனால் அவனுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை என்பதை மறந்துவிடாதே. குட்டி ஆறு மாதத்திலேயே கூடப் பருவத்துக்கு வந்துவிடலாம், வயதான நாய்தானே என்று அசட்டையாக இருந்தால் அடுத்த 63 நாளில் பிரசவம் பார்க்க என்னைக் கூப்பிடுவாய். எப்போது ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. (எனக்கு லாப்ரடார் மேல் பெரிய மோகம் இல்லை. நம் ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் உன் வீட்டுக்கு அது சரிவராது, ஆபீஸ் ஆட்கள் வந்து போகிற வீட்டில் அதைக் கட்டிப்போட்டே வைத்திருப்பீர்கள், அது அதற்குச் செய்கிற பாவம். அதனால் லாப்ரடாரே இருக்கட்டும்.)

ஊசி விஷயம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் முடியும்வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதம் நிறைந்ததும். முதல் ஊசி போட்டாச்சு என்று வெறும் வாயால் சொன்னால் நம்பாதே, மருந்து ஸ்டிக்கர் ஒட்டி டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை இருக்கிறதா பார். மணிக்கு வருஷ ஊசி தள்ளிப்போயிருந்தால் குட்டி வருவதற்கு முன்பே போட்டுவிடு. கால்நடை மருந்தகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் வாந்தியும் ரத்தபேதியுமாகப் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த குட்டிகளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள், பாதிக்கு மேல் வரும்போதே தலை தொங்கியிருக்கும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலை நம்பிப் பயனில்லை. பிளீச் கரைசல் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அதனால் ஊசிகள் முடிகிறவரை குட்டியைத் தெருவில் இறக்காதே. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதே. இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள், குக்கர் விசில் எல்லாம் காட்டு. இந்த வயதில் பார்த்துப் பழகாததற்கு அப்புறம் பயப்படும்.

உண்ணியையும் பார். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விட வேண்டும், குட்டியோடு வரும் உண்ணி மணிக்குக் காய்ச்சலைக் கொடுத்துவிடும்.

இப்போது மணி. குட்டியை டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் இவனைக் காட்டு. பொங்கலுக்கு நாங்கள் வந்திருந்தபோது கவனித்தேன், எழுந்திருக்கும்போது முன்னங்கால் இரண்டையும் ஊன்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுதான் பின்பக்கத்தைத் தூக்குகிறான். உன் வீட்டு டைல்ஸில் திரும்பும்போது இடது பின்னங்கால் வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த நிலையில் இருப்பவனின் இடுப்பின் மேல் ஒரு குட்டி தாவி ஏறினால் அவன் சீறத்தான் செய்வான், பார்க்கிறவர்கள் பொறாமை என்பார்கள். பொறாமை ஒன்றும் இல்லை, வலி. டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதுவார், எழுதுவதற்கு முன் கிட்னிக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், புரூஃபன் எதையும் நீயாகக் கொடுத்துவிடாதே, நாய்க்கு அது விஷம். அவன் நடக்கிற வழியில் பழைய சாக்கை மடித்துப் போடு. டைல்ஸில் பிடிமானம் இருந்தாலே பாதி எரிச்சல் குறைந்துவிடும்.

குட்டி வரும் நாளில் நேராக வீட்டுக்குள் கொண்டுவந்து மணியின் மூக்குக்கு நேராக நீட்டாதே. எல்லோரும் செய்வது அதைத்தான், கையில் தூக்கிக் காட்டுவது, அவன் எட்டிக் குதிப்பான், குட்டி மிரளும். மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டில் காம்பவுண்டு இருக்கிறதே, நாய் இல்லாத வீடு, அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குட்டியோடு தரையில் உட்காரட்டும், நீ மணியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நட. கயிறு தொய்வாகவே இருக்க வேண்டும், நீ இறுக்கிப் பிடித்தால் ஏதோ ஆபத்து என்று அவனுக்குத் தோன்றிவிடும். அவனாகவே கிட்டப் போனால் பின்பக்கத்தை மோந்து பார்க்கட்டும், இரண்டு மூன்று நொடி, உடனே பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துண்டு கோழி கொடு. மறுபடி மோப்பம், மறுபடி கூப்பிடு. அவன் மோந்து பார்க்கவே இல்லையென்றால் இன்னும் நல்லது, தரையை மோந்துகொண்டு சும்மா சுற்றினால் அவன் நிதானமாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள். முடிந்தால் இரண்டு நாள் முன்பே குட்டி படுத்த துணி ஒன்றை வாங்கிவந்து மணி படுக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வை, வாசனை முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

வீட்டில் மாடிப்படிக்கு அடியில் அவன் படுக்கிற இடம் அவனுக்கு மட்டும். குட்டி எந்தக் காரணத்துக்காகவும் அங்கே போகக் கூடாது. வெல்டிங் கடையில் சொன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கிரில் கதவு அடித்துத் தருவார்கள், அதை மாட்டிவிடு. ராத்திரியும், நீங்கள் இரண்டு பேரும் வெளியே போகும்போதும், இரண்டும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு வாரம் நன்றாக இருந்தது, இனிமேல் விட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்வார். கேட்காதே, மாதக் கணக்கில் இப்படித்தான்.

இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். மணி உறுமினால் அதட்டாதே. நீங்கள் இரண்டு பேருமே உடனே "ஏய் மணி, சின்னப் புள்ளடா" என்று கத்துகிற ஆட்கள். அவன் உறுமுவதற்கு முன்னாலேயே நிறையச் சொல்லியிருப்பான், நாம்தான் பார்த்திருக்க மாட்டோம். குட்டி கிட்ட வரும்போது முகத்தை ஒருபக்கம் திருப்புவான். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுவான். மூக்கை ஒரு நக்கு நக்குவான். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டுவான், வெள்ளை முழி பிறை மாதிரி தெரியும். உடம்பு விறைத்து அப்படியே நிற்பான். இவ்வளவையும் குட்டி கண்டுகொள்ளாமல் அவன் வாலைப் பிடித்துத் தொங்கினால்தான் உறுமல் வரும். அதை அதட்டி நிறுத்தினால் கோபம் நிற்காது, எச்சரிக்கை மட்டும்தான் நிற்கும். அடுத்த தடவை உறுமாமல் நேராகக் கடிப்பான், "சத்தமே இல்லாம திடீர்னு கடிச்சிருச்சு சார்" என்று மருந்தகத்துக்கு வந்து சொன்ன வீடுகளில் பாதி, உறுமியபோதெல்லாம் அடித்து வளர்த்த வீடுகள்.

அவன் உறுமினால் நீ செய்ய வேண்டியது குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது, அவ்வளவுதான். அதற்கும் முன்னால், முகத்தைத் திருப்பும்போதே குட்டியைக் கூப்பிட்டுவிட்டால் இன்னும் நல்லது, நீ காப்பாற்றுவாய் என்று அவனுக்குத் தெரிந்தால் அவன் உறுமவே அவசியம் இருக்காது. சில நேரம் குட்டியைக் கீழே அழுத்திப் பெரிய சத்தமாகக் குரைத்துவிட்டு விட்டுவிடுவான், குட்டி ஊளையிட்டுக்கொண்டு ஓடிவரும், பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது. அது பெரியவன் கண்டிப்பது, தலையிடாதே, குட்டியைத் தூக்கிக் கொஞ்சவும் செய்யாதே. ஆனால் ஓடிய குட்டியை விடாமல் துரத்தினாலோ, பிடித்துக் குலுக்கினாலோ, ரத்தம் வந்தாலோ அன்றைக்கே பிரித்துவை, டாக்டரிடம் பேசு.

சண்டையில் நடுவில் கையை விடாதே, மாப்பிள்ளைக்கும் சொல். பலகை எதையாவது நடுவில் நுழை, இல்லை பெரிய மூடியைத் தரையில் போட்டுச் சத்தம் எழுப்பு. தப்பித்தவறிப் பல் பட்டுவிட்டால் ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. மணிக்கு முதலில் வை. மூத்த நாய்தான் தலைவன், அதன் அதிகாரத்தை நிலைநாட்ட வேண்டும் என்று சிலர் பேசுவார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவன் காத்திருக்கப் பிடிக்காதவன், குட்டியோ ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை தின்னும், அதனால்தான் சொல்கிறேன். சாப்பிட்டதும் தட்டை எடுத்துவிடு. குட்டித் தீனியை அவன் தின்னப் பழகினால் எடை கூடும், எடை கூடினால் இடுப்பு இன்னும் போகும். எலும்பை முதல் சில மாதங்களுக்கு வீட்டில் கண்ணிலேயே காட்டாதே. குட்டி மூத்திரம் போன இடத்தில் அவனும் காலைத் தூக்க ஆரம்பிக்கலாம், அடிக்காமல் கழுவிவிடு.

இன்னொன்று, சின்னக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். அந்த நேரமெல்லாம் மணிக்கு. காலை நடை அவனோடு மட்டும், குட்டிக்கு ஊசி முடிந்த பிறகும் அப்படியே தொடரட்டும். சாயங்காலம் கேட்டைத் திறந்ததும் நீ முதலில் குனிந்து தொடுகிற தலை அவனுடையதாக இருக்கட்டும்.

குட்டியாக இருக்கும்வரை அவன் நிறையப் பொறுத்துக்கொள்வான். நான்கு ஐந்து மாதத்தில் பல் மாறும் சமயத்தில் அந்தச் சலுகை குறையும், நேற்றுவரை பேசாமல் படுத்திருந்தவன் இன்று சீறுகிறானே என்று நீ பதறுவாய். பதறாதே, கிரில் கதவை மட்டும் கழற்றாமல் வை. ஒரு வயதில் அது மணியைப் போல ஒன்றரை மடங்கு எடை இருக்கும், அதற்குள் "வா", "விடு", "உட்கார்" மூன்றும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே படுக்கையில் கட்டிப்பிடித்துத் தூங்கும் என்று எதிர்பார்க்காதே. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டால் அதுவே போதும், பல வீடுகளில் அவ்வளவுதான்.

மணியின் ரத்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே போ. முடிவு வந்ததும் தாளைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அம்மா குட்டிக்கு மின்னி என்று பேர் வைக்கச் சொல்கிறாள். மணி, மின்னி என்று கூப்பிட்டால் இரண்டும் ஓடிவரும், காது மந்தமாகிற வயதில் அவனுக்கு இந்தக் குழப்பம் வேண்டாம், வேறு பேர் யோசி என்று சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லு.

அன்புடன்,
அப்பா