எழும்பூரில் கார்ட்டூனுக்கு ஒரு சுவர் வேண்டும்

தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன, சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன, தற்காலக் கலைக்கென்று தனிக் கட்டடமே இருக்கிறது. ஆனால் ஒரு அரசியல் கார்ட்டூனின் அசல் தாளை அங்கே நான் பார்த்ததில்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

அது பத்திரிகைச் சரக்கு, கலைக்கூடத்தில் அதற்கென்ன வேலை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். டான் பெர்ஜோவ்ஸ்கி என்ற ருமேனியக் கலைஞரும் புக்கரெஸ்டில் வாரப் பத்திரிகைக்குப் படம் போட்டவர்தான். 1999இல் வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் தன் நாட்டு அரங்கின் தரையெங்கும் குட்டிக் குட்டியாக அரசியல் படங்கள் வரைந்தார். பார்க்க வந்தவர்கள் மிதித்து மிதித்தே அவை தேய்ந்தன. 2007இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் நடுக்கூடத்துச் சுவரையே அவரிடம் கொடுத்தது. மார்க்கர் பேனாவால், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரைந்தார். பள்ளிக்கூடப் பெஞ்சில் கிறுக்கியது போன்ற கோடுகள்தான்.

நம் கதை இதைவிடப் பழையது. பாரதி 'இந்தியா' இதழில் கருத்துப்படம் போட ஆரம்பித்து நூறாண்டுக்கு மேலாகிறது. கார்ட்டூனைக் கலையாக மதிக்க இங்கே ஆள் குறைவு. ஆனால் ஆபத்தாக மதிக்க அரசுகள் ஒருநாளும் தவறியதில்லை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்றது சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதை வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா அடுத்த மாதம் கைதானார். 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டு அனுப்பப்பட்ட சமயம், பிரதமரையே விலங்கோடு காட்டிய படத்துக்காக விகடன் இணையதளம் முடங்கியது. உயர் நீதிமன்றம் போய்தான் திறந்தது, அதுவும் அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்ட பிறகு.

ஆக, நம் காலத்து அரசியல் படங்களில் சில வழக்குக் கட்டுகளில் பத்திரமாக இருக்கின்றன. மற்றவற்றைத்தான் காணோம்.

அச்சில் பார்ப்பதும் அசலைப் பார்ப்பதும் ஒன்றல்ல. தூரிகை எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது, எந்த மூக்கை வெள்ளை பூசி மறைத்து மறுபடி போட்டார், ஓரத்தில் 'மூன்று காலம்' (பத்தி) அகலம் என்று அச்சுக்கு யார் குறிப்பெழுதினார்கள், எல்லாம் தாளில்தான் தெரியும். அச்சடிக்க பிளாக் (அச்சுக்கட்டை) எடுத்து முடிந்ததும் எத்தனையோ தாள்கள் பழைய பேப்பரோடு போயிருக்கும். மிச்சம் இருப்பவை வரைந்தவர்களின் வீட்டுப் பரணில் கரையானுக்குக் காத்திருக்கின்றன. இப்போது பலர் டேப்லெட்டில் வரைகிறார்கள். அவர்களுக்குத் தாளே கிடையாது, சேமிப்பு இன்னும் மோசம்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்கத்தைப் பாருங்கள். 1943 பஞ்சத்தில் மேதினிபூரில் நடந்து நடந்து ஓவியர் சித்தபிரசாத் வரைந்த படங்கள் ஒரு சிறு நூலாக வந்தன. அச்சான 5000 படிகளில் கைக்கு எட்டியதையெல்லாம் பிரிட்டிஷ் அரசு பறித்து எரித்தது. குடும்பத்தாரிடம் ஒரே ஒரு படி தப்பியதால்தான் 2011இல் மறுபதிப்பு வந்தது. அதைக் காப்பாற்றியது எந்த அருங்காட்சியகமும் இல்லை.

அமைச்சர்கள் கோபப்படுவார்களே என்று யோசிப்பீர்கள். படுவார்கள். மக்களும் படுவார்கள். 2012இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மண் படத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து நீக்கச் சொல்லிக் கூச்சலிட்டது நம் கட்சிகள்தான், இரண்டு பக்கமும். அந்தப் படமும் சுவரில் இருக்க வேண்டும். நமக்குப் பிடித்ததை மட்டும் மாட்டினால் அது கட்சி அலுவலகம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கார்ட்டூனிஸ்டுகளின் குடும்பங்களிடமிருந்து அசல்களை உரிய விலை கொடுத்து வாங்குங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள். அமிலமில்லா அட்டையில் வைத்து, வெளிச்சம் குறைந்த ஓர் அறையில் மாட்டுங்கள். வழக்கு வாங்கிய படமென்றால் பக்கத்திலேயே குற்றப்பத்திரிகையையும் தீர்ப்பையும் வையுங்கள். முதலில் 1987ஆம் ஆண்டு அட்டைப்படத்தின் அசல் எங்கே இருக்கிறது என்று தேட ஓர் ஆளை நியமியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நுழைவுச்சீட்டு வரிசையில் அடிக்கடி நிற்கும் ஒரு வாசகன்