அக்கா, பெட்டி கட்டுவதற்கு முன்

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே நாங்கள் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்து, இப்போது தெருமுனைக் கோயில் வரை தாமாகவே நடந்து போய்வருகிறார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட் தீவும் பார்த்துவிட்டு, மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்கும் உல்லாசக் கப்பலில் கோடை விடுமுறைக்கு வருவதாக நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொலைபேசியில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பும் பெட்டி கட்டுவதற்கு முன்பும் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை எழுத்திலேயே அனுப்புகிறேன்.

நான் வேலை பார்க்கும் பயண முகவர் அலுவலகம் சுவெட்டன்ஹாம் கப்பல் துறையிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில், லிட்டில் இந்தியாவுக்குள் இருக்கிறது. கப்பல் வரும் நாளில் இந்தத் தெருக்களின் நடையே மாறிவிடும். காலையில் பூக்கடைகளில் மாலை கட்டி முடிப்பதற்குள் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்வார்கள். சென்னை, கோயம்புத்தூர், மதுரை என்று நம் ஊர்க்காரர்களும் அவர்களுள் இருப்பார்கள். தமிழ்ப் பலகையைக் கண்டதும் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்து பேசத் தொடங்கிவிடுவார்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற அடாப்டர் எங்கே கிடைக்கும், தலைசுற்றலுக்கு மாத்திரை எங்கே கிடைக்கும், கட்டணம் கட்டிய பிறகும் கப்பலில் ஏன் இவ்வளவு பணம் பிடிக்கிறார்கள் என்பவைதாம் அவர்கள் பெரும்பாலும் கேட்பவை. இவற்றுக்கெல்லாம் ஊரிலேயே வழி செய்துகொண்டு வந்திருக்கலாமே என்று நான் நினைக்காத நாளில்லை. கடல் நடுவே வேறு கடை கிடையாது. ஆகவே கப்பலில் ஏறிய பிறகு சிக்கனம் செய்வது மிகவும் கடினம்.

முதலில் அறையைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பணம் அங்கேதான் மிச்சமாகும். கடலைப் பார்த்த பால்கனி உள்ள அறையைத்தான் முகவர்கள் முதலில் காட்டுவார்கள். சன்னல் இல்லாத உள்ளறைதான் எல்லாவற்றிலும் மலிவு. மூன்று நான்கு இரவுப் பயணத்தில் தூங்குவதற்கும் குளிப்பதற்கும் தவிர யாரும் அறையில் இருப்பதில்லை. கடலை மேல்தளத்திலிருந்து எல்லோரும் ஒன்றுபோலத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் ஐந்து பேர். நீங்கள் நால்வரும் ஓரறையில் தங்கி அம்மாவைத் தனியறையில் வைத்தால், அம்மா ஒருவருக்கே பெரும்பாலும் இரண்டு பேருக்கான கட்டணம் கட்ட நேரும். அதற்குப் பதிலாகப் பெரியவளை அம்மாவோடும், சின்னவனை உங்களோடும் வைத்து, பக்கத்துப் பக்கத்து அறைகளாகக் கேளுங்கள். ஓரறையில் மூன்றாவதாகத் தங்குபவருக்குக் கட்டணம் குறைவு. மூன்றாவது படுக்கை பெரும்பாலும் மேலிருந்து இறக்கும் படுக்கையாக இருக்கும், ஏணி வைத்து ஏற வேண்டும்; அது சின்னவனுக்குக் கொண்டாட்டம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவாகத் தெரியும் என்பதால் அம்மாவுக்காக அதையும் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே மாதக் கடைசியில் விடுமுறை தொடங்கிவிடும், அத்துடன் கட்டணமும் ஏறும். உங்களால் மே முதல் வாரங்களில் வர முடிந்தால் அதுவே நல்லது.

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையை மட்டும் பார்த்து அத்தான் கணக்குப் போட வேண்டாம். துறைமுகக் கட்டணமும் வரியும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மேல், பணியாளர்களுக்கான அன்பளிப்பு என்று ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என ஒரு தொகை தானாகவே கணக்கில் ஏறும். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் இது நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை இருக்கும், பிள்ளைகளுக்கும் உண்டு. ஐந்து பேருக்கும் எல்லா நாட்களுக்கும் பெருக்கிப் பார்த்தால் அது சிறிய தொகை அன்று என்பது விளங்கும். அந்தப் பணத்தைக் கொடுக்க நான் தயங்க மாட்டேன், அறையைத் துடைப்பவர்களும் தட்டு எடுப்பவர்களும் குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். ஆனால் அது முன்கூட்டியே உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். முகவர் மூலம் தொகுப்பாக எடுத்தால், பணம் கட்டும்போதே வசூலிக்கும் டிசிஎஸ் வரியைப் பிடிப்பார்கள். அதற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாகக் கொடுக்கும் அட்டையை நீட்டினாலே போதும், கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அதனாலேயே செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை வரவேற்பு மேசையில் முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். ஒவ்வோர் இரவும் அறைத் தொலைக்காட்சியிலோ கப்பலின் செயலியிலோ கணக்கைப் பாருங்கள். தவறாக ஏறியதை அன்றே சொன்னால் அன்றே நீக்குவார்கள். டெபிட் கார்டைப் பதிவு செய்தால் ஒரு தொகையை முன்னதாகவே முடக்கிவைத்து, திரும்ப விடுவிக்கப் பல நாட்கள் ஆகலாம். கடன் அட்டையோ, வரவேற்பு மேசையில் முன்பணமாகக் கட்டிவைக்கும் ரொக்கமோதான் தொல்லையில்லாதது. எங்கேயாவது ரூபாயில் பிடிக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நட்டம்.

பெரிய உணவுக்கூடத்திலும் பஃபேயிலும் சாப்பாடு கட்டணத்திலேயே சேர்ந்தது. தண்ணீர், தேநீர், காப்பி ஆகியவற்றுக்கும் பஃபேயில் பணம் இல்லை. ஆளுக்கொரு காலி போத்தலைக் கொண்டுவந்து அங்கேயே நிரப்பிக்கொண்டால், போத்தல் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குளிர்பானம், தனிச் சிறப்பு உணவகங்கள், கப்பல் புகைப்படக்காரர் எடுக்கும் படங்கள் எல்லாம் தனிக்கட்டணம். படம் எடுக்க நின்றாலும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அம்மாவுக்குச் சைவ உணவு வேண்டும் என்பதை ஏறிய பிறகு சொன்னால் கிடைப்பதைத்தான் உண்ண வேண்டியிருக்கும். முன்பதிவின்போதே இந்தியச் சைவ உணவு என்று பதியச் சொல்லுங்கள்.

கைப்பேசிகளைக் கப்பல் புறப்படும்போதே விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட வேண்டும். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை அவை தாமாகவே பற்றிக்கொண்டால் வரும் ரோமிங் கட்டணம் மிகக் கடுமையானது. கப்பல் வைஃபையும் விலை அதிகம்; வேண்டுமானால் ஒருவருக்கு மட்டும் வாங்குங்கள்.

இனி பெட்டி. அம்மா தயாரித்திருக்கும் பட்டியலில் மின்சார இட்லி குக்கர், காமாட்சி விளக்கு, சூடம், ஊறுகாய் சாடி, அயர்ன் பாக்ஸ் என்று இருப்பதாக நீ எழுதியிருந்தாய். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மனத்தில் இருக்கும் கப்பல் வேறு. 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் இந்தப் பினாங்குக்கு ஆள் ஏற்றிவந்த ரஜூலா கப்பலிலும், அதன்பின் 1985இல் தீப்பிடிக்கும் வரை ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் நம் மக்கள் தகரப் பெட்டியும் பாயும் சாப்பாட்டு மூட்டையுமாகத்தான் வந்தார்கள். என் மாமனாரின் தகப்பனாரும் ரஜூலாவின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர். இங்கே வந்து நின்றவர்களில் பலர் அப்படித்தான் வந்தார்கள். இன்றைய கப்பலில் எல்லாமே உண்டு, ஆனால் அறையில் இடம்தான் இல்லை. உள்ளறை 15 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். பெரிய பெட்டிகள் இரண்டு வந்துவிட்டால் நடப்பதற்கே இடமிராது. கட்டிலுக்கு அடியில் நுழையும் அளவுள்ள பெட்டிகளாக எடுங்கள்.

தீ என்பது கப்பலில் மிகப் பெரிய அச்சம். ஆகவே வெப்பம் தரும் எந்தக் கருவியும், விளக்கு, சூடம், ஊதுவத்தி, மெழுகுவத்தி எதுவும் அனுமதி இல்லை. கண்டால் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் தருவார்கள். நீளமான மின்கம்பி கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் பெரும்பாலும் பறித்துவிடுவார்கள். அறையில் மின்துளைகள் மிகக் குறைவு. தட்டை முள்ளுக்கும், இரண்டு உருண்டை முள்ளுக்கும் உரியனவாக இருக்கும். நம் ஊர் இரண்டு முள் சார்ஜர் பொருந்திவிடும். மூன்று முள் பொருந்தாது. கைப்பேசிகள் பல இருப்பதால் பல யூஎஸ்பி துளைகள் கொண்ட ஒரே சார்ஜர் போதும். சிங்கப்பூரிலும் இங்கேயும் சதுர முள் என்பதால் அதற்கு ஓர் அடாப்டர் வேண்டும். அதை ஊரிலேயே வாங்குங்கள். அறைச்சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கிகள் சிலவற்றைக் கொண்டுவந்தால் துண்டு, பை, தொப்பி எல்லாம் சுவரில் தொங்கும், தரை காலியாக இருக்கும்.

வீட்டுப் பலகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் சமைத்த உணவைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் முத்திரையிட்டு விற்கும் உலர்ந்த பொட்டலங்களைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. சிங்கப்பூரில் கசகசாவும் மெல்லும் புகையிலையும் தடை. சூயிங் கம்மும் கொண்டுபோகக் கூடாது. மசாலாப் பொட்டலத்தில் கசகசா கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அத்தானின் சிகரெட்டுக்கும் அங்கே வரிவிலக்கு கிடையாது.

ஏறும்போது பெரிய பெட்டிகளைத் துறையிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேர மாலை ஆகிவிடும். அதனால் பாஸ்போர்ட்டு, அம்மாவின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடை, நீச்சல் உடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். நீச்சல் குளத்தில் பருத்தி உடையோடு இறங்க விடமாட்டார்கள். கப்பல் புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஐந்து பேரும் போக வேண்டும். களைப்பு என்று அறையில் இருந்துவிட வேண்டாம், அது சட்டப்படியான கடமை. துணிகளைப் பொறுத்தவரை, துவைத்து இரவுக்குள் காயக்கூடியவை சில, குளிர்சாதனத்துக்கும் மேல்தளக் காற்றுக்கும் ஆளுக்கொரு மெல்லிய ஸ்வெட்டர், ஈரத்தில் வழுக்காத செருப்பு, இவை போதும். கப்பலில் துணி வெளுக்கக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அலங்கார இரவு விருந்துக்கென்று புதிதாகக் கோட்டு தைக்க வேண்டாம். அத்தானின் பட்டு வேட்டியும் உன் காஞ்சிப் பட்டும் எந்தக் கோட்டுக்கும் குறைந்தவை அல்ல.

மலாக்கா நீரிணை சுமத்ரா தீவின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் அமைதியான கடல். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும் என்பதால் புக்கெட் பக்கம் கப்பல் ஆடலாம். அம்மா உண்ணும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகும் மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிவாருங்கள். கப்பல் மருத்துவருக்கான கட்டணம் மிக அதிகம். கப்பல் பயணத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீட்டை ஊரிலேயே எடுங்கள், அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே வேண்டாம்.

எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரை விட்டுப் போய் மீண்டும் நுழைவதால், பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம், 2026 இறுதிவரை அந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின் வருகைப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையத்தளம் போலியானது. தாய்லாந்துக்குத் தனிப் பதிவு உண்டு. சிங்கப்பூருக்கு முந்தைய நாளே வந்துவிடுங்கள். அங்கே மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட் என்று இரண்டு கப்பல் நிலையங்கள். சீட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலிலேயே நிற்க, சிறு படகில் கரைக்குப் போக வேண்டியிருக்கும். அம்மா அன்று கப்பலிலேயே ஓய்வாக இருப்பது நல்லது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். திரும்ப ஏற வேண்டிய நேரத்தை எப்போதும் கப்பல் நேரப்படியே பாருங்கள். நீங்களாகச் சுற்றப் போய்த் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. ஆகவே புக்கெட்டில் தொலைவாகப் போவதாக இருந்தால் கப்பலே நடத்தும் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நியாயமானது.

பினாங்கில் அது தேவையே இல்லை. துறையைவிட்டு வெளியே வந்தால் வலப்பக்கமாக மணிக்கூண்டும் கார்ன்வாலிஸ் கோட்டையும் அருகிலேயே இருக்கின்றன. அம்மா மெதுவாக நடந்தாலும் சிறிது நேரத்தில் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கு வந்துவிடலாம். 1833இல் எழுந்த அந்தக் கோயிலில் அர்ச்சனை முடித்து, வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, எங்கள் காரிலேயே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வரலாம். நகருக்குள் இலவசமாக ஓடும் பேருந்தும் உண்டு.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலையில் உடுத்த வேண்டிய துணியையும் செருப்பையும், பாஸ்போர்ட்டையும் மாத்திரைகளையும் அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் இறங்கிய பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.

முன்பதிவு உறுதியானதும் கப்பலின் பெயரையும், பினாங்கு வரும் நேரத்தையும், மீண்டும் ஏற வேண்டிய நேரத்தையும் எழுதுங்கள். கப்பல் வரும் நாளில் அலுவலகத்தில் விடுப்புக் கிடைப்பது அரிது என்பதால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். அறைகளைப் பற்றி முகவர் தரும் விலைப்பட்டியலையும் பணம் கட்டுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை