திரைப்படக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, இஸ்ரேலின் கிபுட்ஸ் எனும் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகள் மாறிய கதையைச் சொல்லும் ஆவணப்படங்களை இந்த ஆண்டு திரையிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் ரான் தால் இயக்கிய 'சூரியனின் குழந்தைகள்' (2007). பேசுகிறவர்களின் முகம் திரையில் வராது. கிபுட்ஸில் எடுக்கப்பட்ட பழைய படச்சுருள்கள் ஓட, அங்கே வளர்ந்து இன்று முதியவர்களாகிவிட்டவர்களின் குரல் மட்டும் கேட்கும். அக்காலத்தில் பிள்ளைகள் பெற்றோரோடு தூங்குவதில்லை. தனி இல்லத்தில் சேர்ந்து வளர்ந்தார்கள். அம்மா அப்பாவோடு மாலையில் சில மணி நேரம்தான். இரவுக் காவலுக்கு முறைவைத்து ஆள் வருவார்கள். "ஹாஸ்டல்தானே, என்ன பெரிய விஷயம்?" என்றார் ஓர் உறுப்பினர். "ஹாஸ்டல் பிள்ளைக்கு வீடு வேறு ஊரில் இருக்கும். இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே சார்" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அன்று விவாதம் முடிய வெகுநேரம் ஆனது. வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

அடுத்து வந்தது டோபி பெர்ல் ஃப்ரைலிக் எடுத்த வரலாற்றுப் படம். தகவல் நிறைய, பாடம் நடத்தும் தொனி எனக்கு ஒட்டவில்லை. ஆனாலும் பணம் வகித்த பங்கை உறுப்பினர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1984இல் இஸ்ரேலின் பணவீக்கம் 400 விழுக்காட்டைத் தாண்டியது. 1985இல் அரசு அதை இறுக்கிப் பிடித்தபோது, கடனில் தொழில் வளர்த்திருந்த கிபுட்ஸ்கள் வட்டியில் மூழ்கின. எல்லோருக்கும் சமபங்கு என்ற ஏற்பாடு அதன்பின் ஒவ்வோர் இடமாகக் கழன்றது. 1910இல் தொடங்கிய முதல் கிபுட்ஸான தெகானியாவும் 2007இல் வேலைக்கேற்ற ஊதியத்துக்கு வாக்களித்தது.

'அந்த மண்ணில் முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள்?' என்ற கேள்வி இரண்டு கூட்டங்களிலும் எழுந்தது. நியாயமான கேள்வி. கஃபர் பிர்இம் கிராமத்து அரபுக் கிறிஸ்தவர்கள் 1948இல் வெளியேற்றப்பட்டார்கள்; அவர்கள் நிலத்தில் பர்அம் கிபுட்ஸ் 1949இல் எழுந்தது. 1953இல் கிராமத்தையே தகர்த்துவிட்டார்கள்.

எனவே பட்டியலில் இல்லாத '5 உடைந்த கேமராக்கள்' படத்தையும் சேர்த்தோம். மேற்குக் கரையில் உள்ள பிலின் கிராமத்துப் பாலஸ்தீனர் இமாத் புர்னாத், 2005இல் பிறந்த கடைசி மகனைப் படமெடுக்க வாங்கிய கேமரா, ஊர் நிலத்தை வெட்டிச் செல்லும் இஸ்ரேலின் தடுப்புவேலியையும் போராட்டத்தையும் பதிவு செய்கிறது. ஒவ்வொரு கேமராவாக உடைகிறது. உடன் இயக்கியவர் கய் தாவிடி என்ற இஸ்ரேலியர். அதைப் பலர் கவனிக்கவில்லை.

இதற்குப்பின் ஆட்சேபக் கடிதங்கள் இருபக்கமிருந்தும் வந்தன. 2023 அக்டோபர் 7இல் பெயேரி, நிர் ஓஸ் கிபுட்ஸ்களில் நடந்த படுகொலைக்குப் பிறகு இப்படத்தைக் காட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். காசாவில் பல்லாயிரவர் மாண்டபின் கிபுட்ஸ் ஏக்கம் எதற்கு என்று சிலர். அரபு-யூத நல்லிணக்கத்துக்குப் பல்லாண்டு உழைத்த விவியன் சில்வர் பெயேரியில்தான் கொல்லப்பட்டார் என்பதை இருதரப்புக்கும் எழுதினேன். ஒரு தரப்புக்கு ஒரு படம் என்று தராசில் நிறுத்துப் போட எனக்கு உடன்பாடில்லை. கடிதங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டுள்ளன, யாரும் பார்க்கலாம்.

அரங்க வாடகை உயர்வு குறித்துப் பொதுக்குழு இன்று முடிவெடுக்க வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேர்தலுக்கு முன் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

செயலாளர்